தோணிக்குப் பின்னால் வந்த தீவு

ஜெசிந்தா டீச்சர் ஏறிய தோணி கெலஹுராவின் படகுத்துறையை விட்டுக் கிளம்பி நாலு மணி நேரம் ஆகியும் தீவு சின்னதாகவில்லை. வழக்கமாக ஒரு தீவை விட்டுக் கிளம்பினால் முதலில் ஆட்கள் மறைவார்கள், பிறகு வீடுகள் மறையும், பிறகு பள்ளிவாசலின் வெள்ளைச் சுவர், பிறகு தென்னை உச்சிகள், கடைசியில் செல்போன் கோபுரத்தின் சிவப்பு விளக்கு, அதற்கப்புறம் வெறும் கடல்தான். இந்தத் தடவை ஆட்களே மறையவில்லை. வழியனுப்ப வந்தவர்கள் ஆட்டி ஆட்டிக் கை ஓய்ந்துபோய், இன்னும் எவ்வளவு நேரம் நிற்பது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மரியாதைக்காக மேலும் கொஞ்ச நேரம் நின்று, அடுப்பில் வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்து ஒவ்வொருவராக வீட்டுக்குத் திரும்பினார்கள். அவர்கள் திரும்பிப் போவதைக்கூட ஜெசிந்தாவால் தோணியில் இருந்தபடி பார்க்க முடிந்தது.

தோணியை ஓட்டுகிற தண்டல் கஸ்பார் அவளுக்குச் சித்தப்பா முறை. தூத்துக்குடியில் வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வருவது அவருக்கு நாற்பது வருஷத் தொழில். இந்தத் தடவை கெலஹுராப் பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டடத்துக்குச் செங்கல் இறக்கிவிட்டு, அண்ணன் மகளும் ஊருக்குத்தான் கிளம்புகிறாள் என்பதால் அவளை இரண்டு பெட்டிகளோடு ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார். தீவு தள்ளிப்போகவில்லை என்றதும் முதலில் அவர் எந்திரத்தைச் சந்தேகப்பட்டார், பிறகு நீரோட்டத்தை, பிறகு தன் கண்ணாடியை. மூன்றும் சரியாக இருந்தன. தோணிக்குப் பின்னால் நுரை ஓடியது, நுரைக்குப் பின்னால் தீவு வந்தது, தீவின் இரண்டு பக்கமும் கூட நுரை ஓடியது.

"எஞ்சின்ல கொறயில்ல. நாம போயிக்கிட்டுத்தான் இருக்கோம். அதுவும் வருது, அம்புட்டுதான்" என்றார். "முட்டாம வந்தாச் சரி." சொல்லிவிட்டுச் சமையல்காரரிடம் உலை வைக்கச் சொன்னார்.

ஜெசிந்தாவுக்கு ஆச்சரியத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பியவளை வீட்டுக்காரர்கள் தெருமுனையில் வந்து பிடித்துவிட்டால் எப்படி முகத்தை வைத்துக்கொள்வாளோ அப்படித்தான் பின்பக்கம் ஒரு கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்திருந்தாள். ஏனென்றால் அவள் நிஜமாகவே சொல்லாமல்தான் கிளம்பியிருந்தாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கணவன் கஸ்மீர் கடலோடு போன மறுவருஷம், ஏழு வயது மகள் ரொவீனாவைத் தங்கை பெல்சியிடம் விட்டுவிட்டு இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் இங்கிலீஷ் டீச்சராக வந்தவள் அவள். இரண்டு நாலாயிற்று, நாலு ஆறாயிற்று, ஆறு ஒன்பதாயிற்று. வருஷத்துக்கு ஒரு மாதம் லீவில் ஊருக்குப் போவாள், ஜனவரியில் திரும்பிவிடுவாள். ஐந்நூறு பேர் இருக்கிற அந்தத் தீவில் அவளிடம் இங்கிலீஷ் படிக்காத குடும்பம் கிடையாது. காலையில் பிள்ளைகள் படித்தார்கள். பிள்ளைகள் வீட்டில் தங்களுக்குப் புரியாமல் ரகசியம் பேசுகிறார்கள் என்று கோபப்பட்ட அம்மாக்கள் சாயங்காலம் நாலு மணிக்கு ஈரப்பலா மரத்தடியில் கூடி, தங்களுக்கும் வகுப்பு வேண்டும் என்றார்கள். அந்த வகுப்பைக் கூட்டிச் சேர்த்தவள் நபீசா. ஜெசிந்தா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி, அவளைவிட இரண்டு வயது மூத்தவள், வாய் கொஞ்சம் நீளம், கொடுக்கிற கை அதைவிட நீளம்; மாசிக் கருவாடு போட்டு ஒரு குழம்பு வைத்தால் முதல் கிண்ணம் சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிடும்.

கெலஹுராவின் தெருக்களெல்லாம் வெள்ளை மணல். விடிந்ததும் பெண்கள் ஈர்க்கு வாரியலோடு இறங்கி, ஆளுக்கு ஒரு தெருவாகப் பெருக்கி, முந்தின நாளின் காலடிகளையெல்லாம் அழித்துவிடுவார்கள். யார் யார் வீட்டுக்குப் போனார்கள் என்கிற வம்புக்கெல்லாம் ஆதாரம் காலை ஆறரை மணியோடு தீர்ந்துபோகும். ஜெசிந்தா முதல் தடவை லீவில் கிளம்பிய காலையில் நபீசா அவள் முதுகுக்குப் பின்னாலேயே வாரியலோடு வந்தாள். ஜெசிந்தா பதறிப்போய்த் திரும்பி அவள் கையைப் பிடித்துவிட்டாள். எங்கள் ஊரில் ஆள் கிளம்பியதும் பெருக்க மாட்டார்கள், போய்ச் சேர்ந்தார்கள் என்று தெரிந்த பிறகுதான் வாரியலைத் தொடுவார்கள், இல்லாவிட்டால் போனவர்களுக்கு ஆகாது என்று தனக்குத் தெரிந்த திவேஹியிலும் நபீசாவுக்குத் தெரிந்த இங்கிலீஷிலும் விளக்கினாள். நபீசா ஒப்புக்கொண்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு லீவுக்கும் அவள் வீட்டு வாசலிலிருந்து படகுத்துறை வரைக்கும் டீச்சரின் காலடிகள் அப்படியே கிடக்கும், பிள்ளைகள் தாண்டிக் குதித்துப் போவார்கள், சைக்கிள்கள் சுற்றிப் போகும். தூத்துக்குடியிலிருந்து போன் வந்து "வந்து சேந்துட்டேன் நபீசா" என்று கேட்ட பிறகே வாரியல் இறங்கும்.

இந்த வருஷம் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. புதுப்பிக்க வேண்டாம் என்று அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள். மகளுக்குப் பதினாறு வயதாகிவிட்டது, மூன்று வருஷமாக போனில் "ம்", "சரி", "சாப்ட்டேன்" தவிர வேறு பேச்சு இல்லை, "நீ" என்று கூப்பிட்ட பிள்ளை "நீங்க" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். இன்னும் ஒரு வருஷம் போனால் அந்த "நீங்க"வும் போய்விடும் என்று ஜெசிந்தாவுக்குப் பயம். ஆனால் தீவில் அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. தலைமை ஆசிரியர் ஒருவருக்குத்தான் தெரியும், அவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்து இனி வரமாட்டேன் என்று சொல்ல அவளால் முடியாது. அதனால் எப்போதும்போல இரண்டு பெட்டி மட்டும் எடுத்துக்கொண்டாள். குடையைக் கதவில் மாட்டினாள், குக்கரைக் கழுவிக் கவிழ்த்தாள், நம்பட்டும் என்று நீலச் சேலை ஒன்றைத் துவைத்துக் கொடியிலேயே விட்டுவிட்டு, லீவுக்குப் போகிற முகத்தோடு வியாழக்கிழமை காலை மணலில் நடந்து வந்து தோணியில் ஏறினாள்.

மனுஷி மறைத்துவிட்டாள். காலடிகளுக்கு மறைக்கத் தெரியவில்லை.

தீவில் இருந்தவர்கள் தாங்கள் நகர்ந்துகொண்டிருப்பதை மத்தியானம்தான் கண்டுபிடித்தார்கள். ஈரப்பலா மரத்தின் நிழல் எப்போதும் விழுகிற பக்கம் விழாமல் மீன் காயப்போட்ட பக்கம் விழுந்ததால், யாரோ மரத்தைத் திருப்பி நட்டுவிட்டார்கள் என்று முதலில் சண்டை வந்தது. பிறகு எல்லாப் பொருள்களின் நிழலும் அப்படித்தான் விழுகிறது என்று தெரிந்து சண்டை ஓய்ந்தது. ஊஞ்சல்கள் ஆட்டாமலே ஆடின, தூளிக் குழந்தைகள் சமர்த்தாகத் தூங்கின. கடற்கரையில் கயிற்று நாற்காலிகளில் சாய்ந்து கிடக்கிற கிழவர்கள், ஆயுள் பூராவும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தே இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று பெருமைப்பட்டார்கள். தீவு லேசாகத் திரும்பித் திரும்பி வந்ததால் தொழுகைக்குத் திசை பார்க்க வேண்டியிருந்தது. மோதினார் திசைகாட்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேளையும் பாய்களை அதற்குத் தக்கபடி விரித்தார், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. விடியற்காலையில் மீன்பிடிக்கப் போயிருந்த ஏழு படகுகள் திரும்பி வந்து தீவைக் காணாமல் கொஞ்சம் தேடின, பிறகு கடல்மேல் மிதந்த தென்னோலைகளைப் பார்த்துக்கொண்டே பின்னாலேயே வந்து சாயங்காலத்துக்குள் சேர்ந்துவிட்டன. பக்கத்துத் தீவின் கால்பந்து அணி வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு வந்து, மைதானம் இருந்த இடத்தில் தண்ணீரைப் பார்த்துவிட்டு, எதிரணி வரவில்லை, ஆகவே நாங்கள் ஜெயித்தோம் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிற்று. அதுதான் கெலஹுராக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை.

தீவு மன்றத் தலைவர் ஜுபைர் வெள்ளிக்கிழமை கூட்டம் போட்டார். நபீசா எழுந்து தான் பார்த்ததைச் சொன்னாள். அதை அவள் அன்று காலையிலேயே ஜெசிந்தாவிடம் போனில் சொல்லியிருந்தாள். கோபுரமும் கூடவே வந்துகொண்டிருந்ததால் நடுக்கடலில் சிக்னல் கொழித்தது, தோணிக்காரர்கள் எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் நின்று வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், உங்க காலடி அப்படியே இருக்கு" என்று போனில் சொன்னாள் நபீசா. "மழை பெஞ்சுது, அழியல. நண்டு ஓடுச்சு, அழியல. ஆனா நீண்டிருக்கு. விரல் பக்கமா ஒரு சாண் நீண்டு, இழுத்துக் கட்டின கயிறு மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்குது."

கூட்டத்துக்கு விஷயம் விளங்கிவிட்டது. டீச்சரின் காலடிகள் டீச்சரைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, தீவு காலடிகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெருக்கிவிட்டால் தீரும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை; டீச்சர் இன்னும் போய்ச் சேரவில்லை, வழியில் இருக்கிறவளுக்கு ஆகாததை யார் செய்வார்கள்? ஜுபைர் பள்ளிவாசல் பக்கத்துப் பலகையில் அறிவிப்பு ஒட்டினார். டீச்சரை வீட்டில் சேர்க்கும் பொருட்டுத் தீவு பயணத்தில் இருப்பதாகவும், டீச்சரின் லீவு ஒரு மாதம்தான் என்பதால் தூத்துக்குடிக்கு எதிரிலேயே காத்திருந்து அவரை ஏற்றிக்கொண்டு திரும்பலாம் என்று முடிவாகியிருப்பதாகவும், அதுவரை பொதுமக்கள் ஒத்துழைக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது.

காத்திருக்கப் போகிறார்கள் என்ற சேதி போனில் ஜெசிந்தாவுக்கும் வந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லாததோடு நிற்காமல் சந்தோஷப்பட வேறு ஆரம்பித்துவிட்டாள், அதுதான் அவளிடம் உள்ள கோளாறு. கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து, பின்னால் வருகிற தீவைப் பார்த்தபடி, காலையில் வள்ளத்தில் போய்ப் பாடம் நடத்திவிட்டுச் சாயங்காலம் மகளுக்குச் சோறு போட வீட்டுக்கு வந்துவிடலாம், நபீசாவின் மாசிக் குழம்பை ரொவீனாவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம், யாரையும் விட வேண்டாம், யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம் என்று அந்த வெள்ளிக்கிழமை பூராவும் கணக்குப் போட்டாள். நாலு மணிக்கு ஈரப்பலா மரத்தடியில் பெண்கள் கூடினார்கள். அவள் தோணியில் இருந்து கத்திக் கேள்வி கேட்டாள், அவர்கள் கரையில் இருந்து கத்திப் பதில் சொன்னார்கள், நடுவில் கடல் அதுபாட்டுக்கு ஓடியது.

கஸ்பார் மட்டும் தலையைச் சொறிந்தார். "ஏ ஜெசி, நம்ம கடல்ல இதைக் கொண்டுபோயி எங்கம்மா நிறுத்துவ? அங்க ஆழம் கெடையாது. அடி தட்டிச்சுன்னா பிளந்துரும்லா" என்றார். அவள் காதில் வாங்காதவள்போல இருந்தாள்.

சனிக்கிழமை காலை நபீசா போனில் வேறு சேதி சொன்னாள், குறையாகச் சொல்லவில்லை, வீட்டு நிலவரம் சொல்கிறவளாகச் சொன்னாள். கிணறுகளில் தண்ணீர் கரிக்க ஆரம்பித்திருந்தது. ஈரப்பலா பிஞ்சிலேயே உதிர்ந்தது. அந்தக் கடலில் சூரை மீன் வரவில்லை, படகுகள் இரண்டு நாளாக வெறுமனே திரும்பின. மரத்தடி வகுப்புக்கு வருகிற ஹவ்வா வீட்டில் கைக்குழந்தைக்கு மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொடுக்கிறார்கள். "ஒரு மாசம்தானே டீச்சர், சமாளிச்சிருவோம்" என்றாள். ஜெசிந்தா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

மூன்று மணி வாக்கில் அவள் மகளைக் கூப்பிட்டாள். நாளைக் காலையில் கரை சேர்ந்துவிடுவோம் என்றாள். ரொவீனா "ம்" என்றாள். என்ன வேண்டும், என்ன கொண்டுவரட்டும் என்று ஜெசிந்தா கேட்டாள்.

"தீவும் கூட வருதாமே" என்றாள் ரொவீனா. "கஸ்பார் தாத்தா வீட்ல சொன்னாங்க. அப்ப நீங்க எறங்க மாட்டீங்க."

"எறங்காம எங்கட்டி போவேன்?"

"எறங்குவீங்க. ஒரு மாசம் இருப்பீங்க. பொறவு ஏறிருவீங்க. இப்ப ஏறுறதுக்குத் தோதா வாசல்லயே வேற கொண்டாந்து நிறுத்தப் போறீங்க." குரல் நடுங்கவில்லை, பாடம் ஒப்பிப்பதுபோலத்தான் வந்தது. "மொத மொத நீங்க போனப்ப, மாதா கோயிலுக்குப் போயிட்டு வந்துருதேன்னு எங்கிட்டச் சொல்லிட்டுப் போனீங்க. ஞாவகம் இருக்கா? நீங்க வந்தா சந்தோசப்படுவீங்கன்னு நான் வீடு பூரா பெருக்கி வச்சேன். அன்னைக்குத்தான் மொதத் தடவையா வாரியலைத் தொட்டேன். பெல்சி சித்தி வந்து பாத்துட்டு, ஆள் கெளம்புன கையோட பெருக்கிட்டியே, இனி உங்கம்மா எங்க வரப்போறான்னு கேட்டா. அவ வெளையாட்டுக்குத்தான் கேட்டா. எனக்கு அது தெரியாதுல்லா. ஒம்பது வருசமா நான் பெருக்குனதாலதான் நீங்க வந்து தங்கலன்னு நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

அந்தக் காலை ஜெசிந்தாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அழுவாளே, அழுகிற முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிப் போவது என்று கோயில் பேரைச் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் தப்பித்துக்கொண்ட அழுகை எங்கும் போகவில்லை, ஒரு குழந்தை அதை வீட்டுக்குள் வைத்து ஒன்பது வருஷம் வளர்த்திருக்கிறது. அதே காரியத்தை இப்போது ஐந்நூறு பேருக்குச் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. "நான் வந்து பேசுதேன் தாயி" என்று மட்டும் சொன்னாள். எழுந்துபோய்க் கஸ்பாரிடம் எந்திரத்தை நிறுத்தச் சொன்னாள்.

தோணி நின்றதும் தீவும் நின்றது. கொஞ்சம் வேகம் மிச்சம் இருந்ததால் இன்னும் கிட்டே வந்து, தோணியின் பின்பக்கத்துக்கும் படகுத்துறைக்கும் நடுவே ஒரு தெரு அகலத்துக்குத் தண்ணீர் விட்டு நின்றது. மணி நாலு. வகுப்புக்காக ஈரப்பலா மரத்தடியில் கூடியிருந்த பெண்கள் முதலில் வந்தார்கள், அவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் வந்தார்கள், பிறகு கயிற்று நாற்காலிக் கிழவர்கள், வலை உதறிக்கொண்டிருந்த ஆண்கள், அறிவிப்புத் தாளோடு ஜுபைர், எல்லோரும் வந்து கரையில் வரிசையாக நின்றார்கள். முன்னால் நபீசா நின்றாள்.

ஜெசிந்தா தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பேசினாள். ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றாள். லீவு என்று சொன்னது பொய் என்றாள். தனக்கு ஒரு மகள் இருக்கிறாள், அவளுக்கு ஒன்பது வருஷம் அம்மா இல்லை, இனி இருக்க வேண்டும் என்றாள். ஜனவரியில் வேறு டீச்சர் வருவார், நல்லவராக இருப்பார், அவருக்கும் மாசிக் குழம்பு கொடுங்கள் என்றாள். ஜுபைர் கையில் இருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் நபீசா.

"எப்படி?"

"நீலச் சேலை. எட்டு வருஷமா லீவுக்குப் போறப்ப ஒரு துணி விடாம மடிச்சு வச்சிட்டுப் போற ஆளு நீங்க. இந்தத் தடவை கொடியில கிடக்குது. திரும்பி வர்றவங்க எதையும் இப்படி விட்டுட்டுப் போக மாட்டாங்க டீச்சர்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீங்க சொல்லட்டும்னு இருந்தேன். நாலு நாள் முன்னாடி சொல்லியிருந்தா நாலு நாள் சேர்ந்து அழுதிருக்கலாம். இப்ப நடுக்கடல்ல வச்சுச் சொல்றீங்க."

அவள் கோபமாகத்தான் சொன்னாள், ஜெசிந்தா அந்தக் கோபத்தை முழுசாக வாங்கிக்கொண்டாள். பிறகு பெருக்கச் சொன்னாள். நபீசா மாட்டேன் என்றாள். நீங்கள் இன்னும் போய்ச் சேரவில்லை, வழியில் உங்களுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு, நீங்களே சொல்லிக் கொடுத்ததுதானே என்றாள். ஜெசிந்தாவுக்கும் பயம் இல்லாமல் இல்லை. பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தது அவ்வளவு லேசில் விட்டுப் போகுமா? ஆனால் அந்தக் கிணறுகளை நினைத்தாள், ஹவ்வாவின் குழந்தையை நினைத்தாள், வீட்டைப் பெருக்கி வைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஏழு வயதுப் பிள்ளையை நினைத்தாள்.

"பெருக்குனாத்தான் நான் போய்ச் சேருவேன் நபீசா" என்றாள்.

நபீசா திரும்பி வீட்டுக்கு நடந்தாள். மற்றப் பெண்கள் உதவிக்கு நகர்ந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டாள். ஜெசிந்தா குடியிருந்த வீட்டு வாசலில் ஆரம்பித்தாள். ஈர்க்கு வாரியல் மணலில் இழுபடுகிற சத்தம், ஒன்பது வருஷம் ஜெசிந்தாவை எழுப்பிவிட்ட சத்தம், அந்தச் சாயங்காலக் கடலில் தெளிவாகக் கேட்டது. பள்ளிக்கூட மதில் ஓரம், ஈரப்பலா மரத்தடி, பள்ளிவாசல் வாசல் என்று காலடி ஒவ்வொன்றாக அழிய அழிய, தீவு ஒவ்வொரு விரல்கடையாகப் பின்னால் போயிற்று. அவசரப்படாமல், ஓரம் மிச்சம் வைக்காமல், விருந்தாளி வருகிற வீட்டைப் பெருக்குகிற மாதிரிப் பெருக்கிக்கொண்டே வந்த நபீசா, படகுத்துறை ஓரத்து மணலில் கடைசிக் காலடியில் வந்து நின்றாள். அது பெருவிரல் நன்றாக அழுந்திய வலதுகால். அவள் நிமிர்ந்தாள்.

ஊரில் யாரும் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள், போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். ஜெசிந்தா அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல்லக்கூடாததைச் சொன்னாள்.

"போறேன் நபீசா."

நபீசா தலையை ஆட்டினாள், குனிந்து பெருக்கினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. முதலில் ஆட்கள் மறைந்தார்கள், வாரியலோடு நின்ற ஒருத்தி மட்டும் மற்றவர்களைவிடக் கொஞ்ச நேரம் அதிகமாகத் தெரிந்தாள். பிறகு வீடுகள் மறைந்தன, பிறகு பள்ளிவாசலின் வெள்ளைச் சுவர், பிறகு தென்னை உச்சிகள். தோணிக்காரர் ஒருவர் பெண்டாட்டியோடு பேசிக்கொண்டிருந்தபோது சிக்னல் பாதிப் பேச்சில் அறுந்தது. ஜெசிந்தா முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள், கஸ்பார் பார்க்காதவர்போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு எந்திரத்தைக் கிளப்பினார்.

தீவு செவ்வாய்க்கிழமை தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததாகப் பிற்பாடு தெரிந்தது. முன்பைவிட ஒரு பாய் அகலம் கிழக்கே தள்ளி உட்கார்ந்துவிட்டது, அதனால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. கிணறுகள் இனித்தன. கால்பந்து ஆட்டத்தை மறுபடி வைக்கச் சொல்லி ஜுபைர் எழுதிய கடிதத்துக்கு மட்டும் இன்றுவரை பதில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஜெசிந்தா இரண்டு பெட்டிகளோடு தன் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். இறங்கும்போதே தங்கை பெல்சி புலம்பிக்கொண்டு எதிரே வந்தாள். "நீ தோணி ஏறுன அன்னையில இருந்து இவ வாரியலைத் தொட விடலக்கா. நானும் தொடக்கூடாதாம். கிறிஸ்துமஸ் வாரம், வீட்டைப் பாரு, என்ன கோலத்துல கெடக்குன்னு."

வீடு அப்படித்தான் கிடந்தது. ஜன்னல் ஓரமெல்லாம் உப்பளத்துக் காற்றின் தூசி, அடுப்படியில் வெங்காயச் சருகு, நாற்காலிக்கு அடியில் சீப்பில் இருந்து உதிர்ந்த முடிச்சுருள். நடுவில் ரொவீனா நின்றுகொண்டிருந்தாள், போன வருஷத்தைவிட ஒரு சாண் உயரமாக. ஜெசிந்தா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோது வாசலில் இருந்து மகள் நின்ற இடம் வரைக்கும் சிவப்புத் தரையில் வெள்ளை மணலாகக் காலடி விழுந்தது, எவ்வளவு உதறியும் போகாத கெலஹுரா மணல். இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். கட்டிப்பிடித்துக்கொள்ள இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது.

ஜெசிந்தா கதவுக்குப் பின்னால் இருந்த வாரியலை எடுத்து மகளிடம் நீட்டினாள். ரொவீனா கையை நீட்டவில்லை.

"அன்னைக்கு நான் கோயிலுக்குப் போகல" என்றாள் ஜெசிந்தா. "உங்கிட்டச் சொல்லிட்டுப் போக எனக்குத் தெம்பு இல்ல. நீ பெருக்குனதுல ஒண்ணுமே இல்ல தாயி. தப்பு பூரா எம்மேலதான்."

ரொவீனா வாரியலை வாங்கிக்கொண்டாள். மணல் காலடியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடி காலடியைப் பார்த்தாள்.

"இதையுமா?"

"எல்லாத்தையும்."

"பெருக்குன பொறவு நீ போயிர மாட்டியே?"

"பெருக்கு. நான் இங்கனயே நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

ரொவீனா குனிந்து வாசலில் இருந்து ஆரம்பித்தாள். அவள் பெருக்கிப் பெருக்கிக் கிட்டே வந்து, கடைசிக் காலடியையும் அழித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது, ஜெசிந்தா சொன்னபடியே அங்கே நின்றுகொண்டிருந்தாள்.